தானே மீண்டும் தொடங்கும் கணிப்பொறி

மனிதன் செய்த யந்திரங்களுள் பெரும்பாலானவை பழுதுற்றால் நின்றுவிடும். கடிகாரம் நின்றால் நின்றதுதான். தையல் யந்திரத்தின் ஊசி முறிந்தால் வேறு ஊசி பொருத்தும்வரை அது தைக்காது. மேசைக் கணிப்பொறிக்கோ வேறொரு குணமும் உண்டு. நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே திடீரெனத் திரை இருண்டுவிடும். பிறகு யாதொன்றும் நிகழாததுபோல் யந்திரம் முதலிலிருந்து தானே தொடங்கும். சில யந்திரங்களில் இது நாளுக்கு ஒரு முறை; சிலவற்றில் பத்து நிமிஷத்திற்கு ஒரு முறை. எழுதிக்கொண்டிருந்த கடிதமும் பூர்த்தி செய்துகொண்டிருந்த விண்ணப்பமும் போன இடம் தெரியாது. இந்நோய் ஏன் வருகிறது, அதன் காரணத்தை நாமே எவ்வளவு தூரம் கண்டறியலாம் என்பவற்றை இன்று நேயர்களுக்கு விளக்க விரும்புகிறேன்.

நான் பொறியியல் கற்றவனல்லன். பள்ளி ஆசிரியனாகவும் தலைமை ஆசிரியனாகவும் பணியாற்றி ஓய்வு பெற்றவன். இப்பொழுது எங்கள் ஊர் வாசகசாலையில் உள்ள கணிப்பொறியை மேற்பார்த்து வருகிறேன். ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கற்பித்த விதிகள் இரண்டு: தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல், எளியதிலிருந்து கடினமானதற்குச் செல். பாடம் நடத்துவதற்கென வகுக்கப்பட்ட இவ்விதிகள், பழுது தேடுவதற்கும் அப்படியே பொருந்துவதைக் கண்டிருக்கிறேன்.

முதலில் தெளிவுபட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மறுதொடக்கம் என்பது நோயன்று; நோயின் அறிகுறி. பல வேளைகளில் அது யந்திரம் தன்னைக் காத்துக்கொள்ளும் முயற்சியுமாகும். 1969-ஆம் ஆண்டு ஜூலை 20-ஆம் தேதி, அப்போலோ 11 பயணத்தில் சந்திரனை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஈகிள் என்னும் கலத்தின் கணிப்பொறிக்கு அளவுக்கு மீறிய வேலை வந்து சேர்ந்தது. அது 1202, 1201 என்னும் எச்சரிக்கை எண்களைக் காட்டிற்று. தன் வேலைப் பட்டியலைத் துடைத்துவிட்டுத் தானே மறுதொடக்கம் செய்துகொண்டது. இறங்குவதற்கு இன்றியமையாத வேலைகளை மட்டும் தொடர்ந்து செய்தது. நம் மேசைமேலுள்ள கணிப்பொறிக்கு விட்ட வேலையை அவ்வாறு தொடரும் திறமை இல்லை. எனினும், ‘இந்நிலையில் மேலே சென்றால் தவறு நேரும்; முதலிலிருந்து தொடங்குவதே நலம்’ என்னும் முறை அதற்கும் பொதுவானது.

மின்சாரத்தைப் பொறுத்தவரை இம்முறை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பார்ப்போம். சுவரிலிருந்து வரும் மின்சாரம் நம் நாட்டில் 230 வோல்ட் அளவினது; திசை மாறிமாறி ஓடுவது. கணிப்பொறியின் உறுப்புக்களுக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் அளவுகளில் ஒரே திசையில் ஓடும் மின்சாரம். கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று கூறும் மின்வழங்கிப் பெட்டி இம்மாற்றத்தைச் செய்கிறது. மின் அளவுகள் யாவும் ஒழுங்காக இருக்கும்வரை, ‘நலமே’ என்று தெரிவிக்கும் ஒரு குறியை அது தாய்ப்பலகைக்கு, அதாவது மதர்போர்டுக்கு, அனுப்பிக்கொண்டே இருக்கும். அக்குறி நின்ற கணமே தாய்ப்பலகை வேலையை நிறுத்திவிடும். குறி மீண்டும் வந்தால் முதலிலிருந்து தொடங்கும். மின்விளக்கு ஒருமுறை கண் சிமிட்டியதும் கணிப்பொறி மறுதொடக்கம் செய்கிறதே, அதன் இரகசியம் இதுதான்.

பழுதைத் தேடத் தொடங்குமுன் செய்ய வேண்டிய கடமை ஒன்று உண்டு. கணிப்பொறியில் உள்ள முக்கியமான பத்திரங்களையும் படங்களையும் வேறொரு சேமிப்புச் சாதனத்தில் படியெடுத்து வைத்துவிட வேண்டும். வட்டில் ஏதேனும் எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் அறுபட்டால், எழுதப்படுவது மட்டுமன்றி முன்பே எழுதியதும் கெடக்கூடும். உறுப்பு கெட்டால் கடையில் வாங்கலாம். மகளின் திருமணப் படங்களை எக்கடையிலும் வாங்க இயலாது.

அடுத்து வேண்டுவது ஒரு நாற்பது பக்க நோட்டுப் புத்தகம். அதில் நான்கு கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். மறுதொடக்கம் நிகழ்ந்த தேதியும் நேரமும் ஒன்று. யந்திரத்தைப் போட்டு எவ்வளவு நேரமாயிற்று என்பது இரண்டு. அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது என்பது மூன்று. சுற்றிலும் என்ன நிகழ்ந்தது என்பது நான்கு. விளக்கு மங்கியதா, மழை பெய்ததா, மோட்டார் ஓடியதா என்பனவெல்லாம் நான்காம் கட்டத்தில் அடங்கும். திருவள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில், மருத்துவன் நோயாளியின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் ஆராய்ந்து செய்ய வேண்டும் என்கிறார். கணிப்பொறி மருத்துவத்திலும் காலமே முதற்சாட்சி.

அச்சாட்சி கூறுவது என்ன? பொத்தானை அழுத்திய சில விநாடிகளுக்குள், விண்டோஸ் சின்னம் தோன்றுமுன்பே மறுதொடக்கம் நிகழ்ந்தால், பழுது பெரும்பாலும் உறுப்புக்களில் இருக்கிறது. சின்னம் தோன்றி, உள்ளே நுழையும் தறுவாயில் திரும்பத் திரும்ப நிகழ்ந்தால், அண்மையில் சேர்த்த மென்பொருளையோ, புதுப்பிப்பையோ, வட்டையோ ஐயுற வேண்டும். அரைமணி நேரம் ஒழுங்காக ஓடியபின் நிகழ்ந்தால் உஷ்ணத்தை நினைக்க வேண்டும். விளையாட்டு, படத்தொகுப்பு முதலிய கனத்த வேலைகளின்போது மட்டும் நிகழ்ந்தால், உஷ்ணமோ மின்வழங்கியின் வலுக்குறைவோ காரணமாகலாம். எவ்வித ஒழுங்குமின்றி நிகழ்ந்தால், வெளி மின்சாரம், நினைவகம் ஆகிய இரண்டையும் முதலில் ஆராய வேண்டும். இவை முடிவுகளல்ல, தேடத் தொடங்கும் இடங்கள் மட்டுமே.

நோட்டுப் புத்தகத்தோடு யந்திரத்தையும் விசாரிக்கலாம். விண்டோஸ் அமைப்பில் பெரும் பிழை ஏற்பட்டால், அது நீலத்திரையில் பிழையின் பெயரைக் காட்டும். அண்மைப் பதிப்புக்களில் அத்திரை கறுப்பாகவும் ஆக்கப்பட்டுள்ளது. காட்டியவுடன் தானே மறுதொடக்கம் செய்யும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதால், அப்பெயரைப் படிக்கவும் நமக்கு அவகாசம் கிடைப்பதில்லை. இவ்வேற்பாட்டை நிறுத்திவைக்கலாம். விண்டோஸ் சின்னம் பொறித்த விசையையும் ஆர் என்னும் விசையையும் சேர்த்து அழுத்தினால் சிறு பெட்டி ஒன்று தோன்றும். எழுத்துக்களைக் கூட்டிச் சொல்கிறேன்: எஸ், ஒய், எஸ், டி, எம், ஒரு புள்ளி, பிறகு சி, பி, எல். இவற்றை அப்பெட்டியில் இட்டு உள்ளே சென்று, அட்வான்ஸ்டு என்னும் பகுதியில் ஸ்டார்ட்டப் அண்ட் ரிகவரி என்பதன் அமைப்புக்களைத் திறவுங்கள். அங்கே ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட் என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிட்டால் போதும். அதன்பின் பிழைத்திரை நிலைத்து நிற்கும். அதிலுள்ள பெயரை எழுதிக்கொள்ளலாம். அவ்வாறு திரை எதுவும் தோன்றாமலே யந்திரம் மறுதொடக்கம் செய்தால், அதுவும் ஒரு விடைதான்: பழுது மென்பொருளில் இல்லாமல் மின்சாரத்தின் பக்கம் இருக்கலாம் என்னும் ஐயம் வலுக்கிறது.

ஈவன்ட் வியூவர் என்னும் நிகழ்ச்சிக் குறிப்பேடும் யந்திரத்திலேயே உண்டு. அதில் சிஸ்டம் என்னும் பகுதியைத் திறந்து மூன்று எண்களைத் தேடுங்கள். 1074 என்றிருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு மென்பொருள் முறைப்படி கேட்டுக்கொண்டதன் பேரில் மறுதொடக்கம் நடந்தது என்று பொருள். இரவில் நிகழும் புதுப்பிப்புக்கள் இவ்வகையின. 6008 என்றிருந்தால், முந்திய முறை யந்திரம் எதிர்பாராமல் நின்றது. 41 என்றிருந்தால், முறைப்படி மூடப்படாமல் அது மறுபடி தொடங்கியது. ‘41 என்று காட்டுகிறது, ஆகவே மின்வழங்கி கெட்டுவிட்டது’ என்று சிலர் உடனே தீர்ப்புக் கூறிவிடுகிறார்கள். அவ்வெண், நின்றது என்ற செய்தியைத்தான் கூறுகிறது. ஏன் நின்றது என்பதைக் கூறவில்லை.

இனிக் காரணங்களை எளியதிலிருந்து ஒவ்வொன்றாகக் காண்போம். பெட்டியின் முகப்பிலுள்ள பொத்தான்களே முதலாவது. ரீசெட் பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டாலோ, அதன் கம்பி நைந்து ஒன்றோடொன்று தொட்டாலோ, யாரும் தொடாமலே மறுதொடக்கம் நிகழும். பிளக்கும் அதன் குழியும் தளர்ந்திருப்பது இரண்டாவது. பல பிளக்குகளைத் தாங்கும் நீட்டிப்புப் பெட்டிகளில் இது மிகுதி. இவற்றைச் சோதிக்கக் காசு வேண்டியதில்லை.

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் மின்சாரம். எங்கள் வாசகசாலையில் கண்டது இதற்குத் தக்க உதாரணமாகும். அங்குள்ள கணிப்பொறி ஒருமுறை அடிக்கடி மறுதொடக்கம் செய்யத் தொடங்கியது. உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் நெருங்கிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு மாணவியின் விண்ணப்பம் பாதியில் இரண்டு முறை அழிந்தது. வந்து பார்த்த பழுதுபார்ப்பவர் ஒருவர், ‘தாய்ப்பலகை போய்விட்டது, புது யந்திரம் வாங்குவதே மேல்’ என்றார். யு.பி.எஸ். இருப்பதால் மின்சாரம் காரணமாக இராது என்றும் கூறினார். புது யந்திரத்திற்கு வேண்டிய தொகை வாசகசாலையின் ஓராண்டு வரவுக்கு மேற்பட்டது. நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கி, பிளஸ் டூ மாணவன் ஒருவனிடம் ஒப்படைத்தேன். இரண்டு வாரத்தில் ஒன்பது மறுதொடக்கங்கள் பதிவாயின. அவற்றுள் எட்டு, மாலை ஆறு மணியை ஒட்டி நிகழ்ந்தவை. நான்காம் கட்டத்தில் அம்மாணவன் எட்டுத் தடவையும் ஒரே வாசகத்தை எழுதியிருந்தான்: விளக்கு ஒரு கணம் மங்கியது. அண்டை வீட்டில் மாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் போடப்படும் நேரம் அது. எஞ்சிய ஒன்று இரவில் நிகழ்ந்த புதுப்பிப்பு என்பதை 1074 என்னும் எண் தெரிவித்தது.

மோட்டார் ஓடத் தொடங்கும் கணத்தில், ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு மின்சாரத்தை இழுக்கும். அதனால் அக்கம்பித் தொடரில் மின் அழுத்தம் ஒரு கணம் தாழும். அப்போது யு.பி.எஸ். சில மில்லி விநாடிகளில், அதாவது விநாடியின் ஆயிரத்தில் சில பங்குகளில், பாட்டரிக்கு மாறிக் காக்க வேண்டும். பாட்டரி செத்திருந்தால் மாறியும் பயனில்லை. கணிப்பொறியின் மின்வழங்கி தானாகத் தாக்குப்பிடிப்பது முழுச்சுமையில் ஏறத்தாழ 16 மில்லி விநாடிதான். வினாடிக்கு 50 சுற்று ஓடும் நம் மின்சாரத்தில் ஒரு சுற்றின் காலமே 20 மில்லி விநாடி என்றால், அது எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். எல்லா வேலைகளையும் சேமித்து மூடிவிட்டு, கணிப்பொறி ஓடும்போதே யு.பி.எஸ்.ஸிற்கு வரும் சுவர்ச் சுவிட்சை அணைத்துப் பார்த்தோம். அடுத்த கணமே திரை இருண்டது. பாட்டரியை மட்டும் மாற்றினோம்; மாலைநேர மறுதொடக்கம் நின்றது. அம்மாணவியின் விண்ணப்பமும் கடைசி நாளுக்கு முன்பே சென்று சேர்ந்தது.

நான்காவது, உள்ளேயிருக்கும் மின்வழங்கிப் பெட்டி. இதன் மின் அளவுகள் குறித்த அளவிலிருந்து நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகலாகாது. 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழோ 12.6-க்கு மேலோ செல்லக் கூடாது. பழைய பெட்டியோ, வலுக்குறைந்த மலிவான பெட்டியோ, கனத்த வேலையின்போது இவ்வளவைக் காக்க முடியாமல் தளரும். இதைத் தெளிய எளிய வழி, ஒழுங்காக வேலை செய்யும் வேறொரு மின்வழங்கியைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்ப்பது. ஆனால் பெற்றோர்களும் மாணவர்களும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அதனுள் இருக்கும் மின்தேக்கிகள் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்சாரத்தைச் சிறிது நேரம் தேக்கி வைத்திருக்கக்கூடும். அஃது உயிருக்கு அபாயமானது.

ஐந்தாவது உஷ்ணம். கணிப்பொறியின் மூளையாகிய செயலி, பல வகைகளில் 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் யந்திரத்தை நிறுத்திவிடும். இது பெரும்பாலும் மறுதொடக்கமாக இராமல் முழுமையான அணைவாகவே இருக்கும். இவ்வேறுபாடும் ஒரு தடயமாகும். காரணம் பெரும்பாலும் தூசி. பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினால், செயலியின் மேலுள்ள உலோக மடிப்புக்களில் தூசி கம்பளிபோல் படிந்திருப்பதைக் காணலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெல்லிய தூரிகையால் அதைத் துடைக்கலாம். விசிறிகள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்றும் பார்க்க வேண்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைப்பதும், மேசையின் மூடிய அறைக்குள் திணிப்பதும், மூச்சுவிட இடமின்றி ஒருவரைப் போர்வையால் மூடுவதற்கு ஒப்பாகும்.

தகடு திறந்திருக்கும்போதே தாய்ப்பலகைமேல் நிற்கும் சிறு உருளைகளையும் நோக்குங்கள். அவை மின்தேக்கிகள். அவற்றின் உச்சி தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ, பழுப்பு நிறக் கசிவுடனோ இருந்தால் பலகை நலிந்திருக்கிறது. 2000-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் செய்யப்பட்ட பலகைகள் பலவற்றில் இக்குறை உலகெங்கும் காணப்பட்டது.

ஆறாவது நினைவகம். ராம் எனப்படும் இச்சட்டங்களில் ஒரு சிறு இடம் பழுதானாலும், அவ்விடத்தில் எழுதப்படுவது தவறாகத் திரும்பி வரும். அமைப்பு குழம்பி நின்றுவிடும். விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் என்னும் சோதனை யந்திரத்திலேயே இருக்கிறது. இரண்டு சட்டங்கள் இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பிறகு மற்றதை மட்டும். பிழை சட்டத்தோடு இடம் மாறினால் கெட்டது சட்டம். எச்சட்டத்தை வைத்தாலும் ஒரே குழியில் பிழை வந்தால் கெட்டது குழி. கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் உலோகப் பகுதியை ஒருமுறை தொடுவது நல்லது; உடலில் உள்ள நிலைமின்சாரம் நுண்ணிய உறுப்புக்களைக் கெடுக்க வல்லது.

ஏழாவது மென்பொருள். 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பரவிய பிளாஸ்டர் என்னும் கணிப்பொறிப் புழு, எண்ணற்ற யந்திரங்களில் அறுபது விநாடி எண்ணிக்கையைத் திரையில் காட்டி, அவற்றை ஓயாமல் மறுதொடக்கம் செய்ய வைத்தது. அதைத் தடுக்கும் திருத்தம் அதற்கு முந்திய ஜூலை 16-ஆம் தேதியே வெளியிடப்பட்டிருந்தது, போட்டுக்கொள்ளாதவர்கள் அவதியுற்றனர். இதற்கு நேர்மாறாக, 2024-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் தேதி, கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய குறையுள்ள புதுப்பிப்பு ஒன்றினால், மைக்ரோசாப்ட் கணக்கின்படி ஏறத்தாழ 85 லட்சம் யந்திரங்கள் செயலிழந்தன. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. நீலத்திரையும் மறுதொடக்கமுமாகச் சுழன்ற அக்கணிப்பொறிகளில் உறுப்பு எதுவும் பழுதாகியிருக்கவில்லை. சேஃப் மோட் எனப்படும் பாதுகாப்பு முறையில் தொடங்கி, குறையுள்ள ஒரு கோப்பை நீக்கியதும் யந்திரங்கள் நலமுற்றன. திருத்தங்களைப் போட்டுக்கொள்வது அவசியம். ஆயினும் நோய் தொடங்கிய நாளுக்குச் சற்று முன் புதிதாக எது சேர்ந்தது என்று கேட்பதும் அவசியம். பாதுகாப்பு முறையில் யந்திரம் ஒழுங்காக நின்றால், அப்புதுச் சரக்கை நீக்கிப் பார்க்கலாம்.

இத்தனை சோதனைகளிலும் காக்க வேண்டிய ஒழுங்கு ஒன்றே: ஒரு சமயத்தில் ஒரே ஒரு மாறுதல். நினைவகத்தையும் மின்வழங்கியையும் விண்டோஸையும் ஒரே நாளில் மாற்றி நோய் தீர்ந்தால், எது தீர்த்தது என்பது ஒருநாளும் தெரியாது. மூன்றுக்கும் பணம் கொடுத்திருப்போம். ஒன்றை மாற்றியபின், முன்பு எத்தனை நாளுக்கு ஒருமுறை நோய் வந்ததோ அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு காலம் பொறுத்துப் பார்த்தபிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் செய்து காரணம் அகப்படவில்லையெனில், தொழில் தெரிந்தவரை அழைப்பதில் குறைவொன்றுமில்லை. நல்ல தொழிலாளிக்கு நம் நோட்டுப் புத்தகம் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடும். ‘அடிக்கடி அணைகிறது’ என்று கூறுவதற்கும், ‘போட்ட நாற்பதாம் நிமிஷத்தில், படம் ஓடும்போது மட்டும், பிழைத்திரை இன்றி நிற்கிறது’ என்று கூறுவதற்கும் எவ்வளவு வேற்றுமை! முன்னதைக் கேட்பவர் ஊகிக்கத்தான் முடியும். பின்னதைக் கேட்பவர் நேரே காரணத்திடம் செல்வார். அவசரத்தில் புது யந்திரம் வாங்கச் சொல்பவரிடமும், என்ன சோதனை செய்து அம்முடிவுக்கு வந்தார் என்று மரியாதையாகக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

வீட்டில் கணிப்பொறி உள்ள நேயர்கள், குறிப்பெழுதும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் ஒப்படைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உற்றுநோக்குதல், பதிவு செய்தல், ஊகித்தல், ஒவ்வொன்றாகச் சோதித்தல் என்னும் விஞ்ஞானத்தின் நான்கு படிகளையும், பாடப்புத்தகத்தைக் காட்டிலும் தெளிவாக, பழுதான ஒரு யந்திரம் அவர்களுக்குக் கற்பித்துவிடும். காரணம் தெரியாமல் பணம் செலவிடுவதில்லை என்ற உறுதியும் அவர்களிடம் அதனோடு வளரும்.